முளையும் விளைச்சலும்: தார்க்கோவ்ஸ்கியின் மாணவர் படங்களும் திறனாய்வின் பின்னோக்கு வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற இயக்குநர் ஒருவர் மாணவப் பருவத்தில் எடுத்த குறும்படங்களை அவருடைய பிற்காலப் படைப்புகளின் வித்துகளாக மட்டுமே காண்பது திரைப்படத் திறனாய்வில் நிலைபெற்ற வழக்கமாகும். ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி மாஸ்கோவிலுள்ள திரைப்படக் கல்வி நிறுவனத்தில் பயின்ற காலத்தில் உருவான 'கொலையாளிகள்' (1956), 'இன்று விடுப்பில்லை' (1959), 'உருளையும் வயலினும்' (1960) ஆகிய மூன்று படங்களை முன்வைத்து இக்கட்டுரை அவ்வழக்கத்தின் வரம்புகளை ஆராய்கிறது. மாணவர் படம் என்பது பற்றாக்குறை, பணிப்பகிர்வு, தேர்வு ஆகிய மூன்று நிலைமைகளோடு செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின் விளைவு என்பதும், இப்படங்களிலிருந்து பிற்காலத்துக்குத் தொடர்ந்தவற்றுள் முதன்மையானது தனியொருவரின் நடையைவிடக் கூட்டுழைப்பின் உறவே என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மாணவர் படம், குறும்படம், தார்க்கோவ்ஸ்கி, வி.ஜி.ஐ.கே., கூட்டுப்படைப்பு, பின்னோக்கு வாசிப்பு, நிறைவுப்படம்.

முன்னுரை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது தமிழ் வழக்கில் ஆழ வேரூன்றிய பழமொழி. உழவனின் கண்ணுக்கு அது பயன்தரும் அறிவுரை. முளையைக் கண்டு விளைச்சலை முன்கூட்டி உணரும் பட்டறிவை அது போற்றுகிறது. கலைத் திறனாய்வில் இப்பழமொழி தலைகீழாகச் செயற்படுகிறது. திறனாய்வாளர் முதலில் விளைச்சலைக் கண்டுவிடுகிறார். பிறகு முளையிடம் திரும்பிச் சென்று, தாம் முன்பே அறிந்ததை அங்கே 'கண்டுபிடிக்கிறார்'. முளையில் இருந்தவற்றுள் விளைச்சலில் தென்படாதவை அவர் பார்வைக்கு வருவதில்லை. வராதவை இல்லாதவையாகவே கருதப்பட்டுவிடுகின்றன.

இவ்வாசிப்பு மாணவர் படங்களை மிகுதியாகப் பாதிக்கிறது. ஒரு கவிஞரின் முதற்கவிதை பெரும்பாலும் தனியொருவரின் ஆக்கம். மாணவர் படமோ ஒரு வகுப்பின் ஆக்கம். எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர், நடித்தவர், காட்சியைப் பங்கிட்டுக்கொண்டு இயக்கியவர் எனப் பலர் அதில் உண்டு. அவர்களுள் ஒருவர் பின்னாளில் உலகப்புகழ் அடைந்தால், படம் முழுவதும் அவர் பெயருக்கு மாற்றி எழுதப்படுகிறது. ஏனையோர் பெயர்ப்பட்டியலில் மட்டும் எஞ்சுகின்றனர். ஆகவே பின்னோக்கு வாசிப்பு ஒரு படத்தைத் தவறாக விளக்குவதோடு நிற்பதில்லை. உழைத்தவர்களுக்குரிய பங்கையும் மறைக்கிறது.

தார்க்கோவ்ஸ்கி (1932–1986) இவ்வாய்வுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு சட்டகத்திலும் ஆசிரியரின் முத்திரையைத் தேடும் வாசிப்புக்கு அவருடைய படங்கள் பெரிதும் உட்பட்டுள்ளன. அவர் 1954-இல் கல்வி நிறுவனத்தில் சேர்ந்து 1960-இல் வெளியேறினார். அந்த ஆண்டுகளில் முடிக்கப்பட்ட மூன்று படங்களும் மூன்று வேறுபட்ட உற்பத்தி நிலைமைகளில் உருவானவை என்பதால், மாணவர் படத்தின் இயல்பை ஒப்பிட்டுக் காண அவை இடந்தருகின்றன.

பற்றாக்குறை என்னும் பாடம்

மாஸ்கோவில் 1919-இல் தொடங்கப்பட்ட அரசுத் திரைப்படப் பள்ளியே பின்னர் வி.ஜி.ஐ.கே. என்னும் பெயரால் அறியப்பட்டது. உலகின் முதல் அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனம் இதுவேயாகும். உள்நாட்டுப் போரும் முற்றுகையும் நிலவிய அக்காலத்தில் படச்சுருள் கிடைப்பது அரிதாக இருந்தது. லெவ் குலெஷோவ் தம் மாணவர்களுடன் 'படச்சுருள் இல்லாத படங்கள்' என்னும் பயிற்சியை நடத்தினார். திரைப்படத்துக்குரிய காட்சிப் பிரிப்போடும் அசைவு ஒழுங்கோடும் மாணவர்கள் மேடையில் நடித்துக்காட்டினர். பதிவு செய்ய மட்டும் சுருள் இல்லை. எதைக் காட்டுவது, எங்கே வெட்டுவது, அடுத்து எதை வைப்பது என்னும் முடிவுகள் படக்கருவி இல்லாமலே பயிலப்பட்டன.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. திரைப்படக் கல்வியில் பற்றாக்குறையும் ஓர் ஆசிரியரின் இடத்தை வகிக்கக்கூடும். சுருள் குறைவாக உள்ளபோது காட்சியை எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது. அரங்கு ஒன்றே உள்ளபோது கதையை அதற்குள் அடக்கவேண்டியுள்ளது. 1950-களின் நடுப்பகுதியிலும் வி.ஜி.ஐ.கே. மாணவர்கள் வேண்டிய அளவு சுருளும் கருவிகளும் பெற்றிருக்கவில்லை. எனவே தொடக்கப் பயிற்சிகளை இருவராகவோ மூவராகவோ சேர்ந்து செய்தனர். 'கொலையாளிகள்' படத்தில் இயக்குநராக மூவர் பெயர் இடம்பெறுவதை அழகியல் கொள்கையின் விளைவாகக் கருதவேண்டியதில்லை. நிறுவனத்தின் நடைமுறை அதற்குப் போதிய விளக்கம் தருகிறது. ஆயினும் நடைமுறையால் நேர்ந்தது படத்தின் வடிவத்தையும் தீர்மானித்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

'கொலையாளிகள்': மூவர் இயக்கிய படம்

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'கொலையாளிகள்' சிறுகதை 1927-இல் வெளிவந்தது. ஒரு சிற்றூர் உணவகத்துக்குள் இருவர் நுழைகின்றனர். சமையற்காரரையும் நிக் ஆடம்சு என்னும் இளைஞனையும் சமையலறையில் கட்டிவைத்துவிட்டு, அங்கே வழக்கமாக உண்ண வரும் முன்னாள் குத்துச்சண்டை வீரன் ஓலே ஆன்டர்சனைக் கொல்லக் காத்திருக்கின்றனர். அவன் வரவில்லை. அவர்கள் சென்றபின் நிக் அவனுடைய அறைக்குச் சென்று எச்சரிக்கிறான். படுக்கையில் கிடக்கும் ஓலே, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறான். நிக் உணவகத்துக்குத் திரும்பி, இந்த ஊரை விட்டே போய்விடப் போவதாகக் கூறுகிறான்.

மாணவர்களுக்கு இக்கதை பொருந்தியதன் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. கதை பெரும்பாலும் உரையாடலால் ஆனது, இடங்கள் இரண்டு, காட்சிகள் மூன்று, மாந்தர் சிலர். ஏறத்தாழ 19 நிமிடம் ஓடும் படத்தை மிகயீல் ரோமின் வகுப்பைச் சேர்ந்த மரிக்கா பெய்க்கு, அலெக்சாண்டர் கோர்தன், தார்க்கோவ்ஸ்கி ஆகிய மூவரும் இயக்கினர். உணவகத்தில் நிகழும் முதற்காட்சியையும் மூன்றாங்காட்சியையும் பெய்க்குவும் தார்க்கோவ்ஸ்கியும், ஓலேயின் அறையில் நிகழும் இரண்டாங்காட்சியைக் கோர்தனும் இயக்கியதாக அறியப்படுகிறது. ஒளிப்பதிவு மாணவர்களான அல்ஃபிரெதோ அல்வாரெசும் அலெக்சாண்டர் ரீபினும் படம்பிடித்தனர். நடித்தவர்களுள் பலர் சக மாணவர்கள். ஓலேயாக நடித்தவர் பின்னாளில் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் சிறந்த வசீலி சுக்ஷின்.

காலச்சூழலும் கருதத்தக்கது. 1930-களின் இறுதிக்குப் பின் நெடுங்காலம் சோவியத் பதிப்புலகில் இடம்பெறாதிருந்த ஹெமிங்வே, 1955-இல் 'அயல்நாட்டு இலக்கியம்' இதழில் 'கடலும் கிழவனும்' வெளியானபோது மீண்டும் வாசகரிடம் வந்தார். மறு ஆண்டிலேயே அவர் கதையொன்றை மாணவர்கள் படமாக்கத் தேர்ந்தது, கதவு திறந்தவுடன் உள்ளே நுழையும் தலைமுறையின் விரைவைக் காட்டுகிறது.

இந்த விரைவு படத்தின் ஒலியிலும் பதிந்துள்ளது. கொலையாளிகள் காத்திருக்கும் வேளையில் சிற்றுணவு வாங்க வரும் வாடிக்கையாளர் ஒருவராகத் தார்க்கோவ்ஸ்கியே தோன்றுகிறார். காத்திருக்கும்போது அவர் சீழ்க்கையடிக்கும் இசை 'லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்' என்னும் ஜாஸ் மெட்டு. ஜார்ஜ் ஷீரிங் 1952-இல் இயற்றிய அந்த மெட்டு 1927-ஆம் ஆண்டுக் கதைக்குள் காலமுரணாகவே நுழைகிறது. ஸ்டாலின் ஆட்சியின் இறுதியாண்டுகளில் ஜாஸ் இசை அரசின் ஐயப்பார்வைக்கு உட்பட்டிருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், இம்முரணைப் பிழையெனத் தள்ள இயலாது. படம் காட்டும் அமெரிக்கா ஹெமிங்வேயின் அமெரிக்கா அன்று. 1956-ஆம் ஆண்டு மாஸ்கோ மாணவர்கள் தங்களுக்குள் வரைந்துகொண்ட அமெரிக்கா அது.

அதே சீழ்க்கை அச்சத்தை உண்டாக்கும் உத்தியாகவும் அமைகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறும். இப்படத்தில் அச்சத்தின் நிலைக்களன் கள்வரை ஒத்த வன்செயலாளரே. எனினும் காட்சியில் அச்சம் கூர்மையடைவது அவர்களைக் காட்டும்போதன்று. சமையலறைத் திறப்புக்குப் பின்னால் துப்பாக்கி இருப்பதை அறியாத ஒருவர் இயல்பாகச் சீழ்க்கையடிக்கும்போதுதான். அவர் அறியாததைப் பார்வையாளர் அறிவர். அச்சத்துக்குரியவன் அஞ்சாமல் நிற்க, பார்வையாளரிடத்தில் அச்சம் பிறக்கிறது. செலவே இல்லாத ஓர் ஒலியால் இவ்விளைவு பெறப்பட்டது என்பது மாணவர் படத்தின் பொருளியலுக்கும் அழகியலுக்கும் உள்ள உறவைத் தெளிவாக்குகிறது.

பின்னோக்கு வாசிப்பு இடறும் இடம் இரண்டாங்காட்சியாகும். முதற்காட்சி முழுவதும் பார்வைகளும் கட்டளைகளும் காத்திருத்தலுமாக நெருக்கமுற்றுள்ளது. இரண்டாங்காட்சியில் நெருக்கடி எதுவும் இல்லை. சாகப்போவதை அறிந்தவன் அசையாமல் கிடக்கிறான். அச்சுறுத்தப்பட்டவர்கள் நிறைந்த அறையிலிருந்து அச்சத்தைக் கடந்துவிட்டவனின் அறைக்கு நிக் செல்லும் அந்த மாற்றமே படத்தின் பொருள்மையம். அம்மாற்றம் இரு வேறு கைகளால் இயக்கப்பட்ட இரு காட்சிகளின் இணைப்பில் பிறக்கிறது. தார்க்கோவ்ஸ்கியின் முதற்படம் எனப் பட்டியல்கள் குறிக்கும் படத்தின் மையக்காட்சியை அவர் இயக்கவில்லை. சாவை ஏற்றுக்கொண்ட மனிதனின் அசைவின்மையை அவருடைய பிற்கால மாந்தரோடு ஒப்பிட்டு மகிழும் வாசிப்பு, அந்த அசைவின்மையைச் சட்டகத்துக்குள் கொணர்ந்தவர் கோர்தன் என்பதையும், அதற்கு உடல் தந்தவர் சுக்ஷின் என்பதையும் கடந்து செல்கிறது.

கதை முடியும் இடம்

ஒரு படத்தை முடிப்பது என்பதில் இரு பொருள் உண்டு. வேலையை நிறைவு செய்தல் ஒன்று. எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தல் மற்றொன்று. இரண்டாவது பொருளில் 'கொலையாளிகள்' எடுத்த முடிவு, அதே கதையின் ஆலிவுட் வடிவங்களோடு ஒப்பிடும்போது விளங்குகிறது.

ராபர்ட் சியோத்மாக் 1946-இல் இயக்கிய படம் ஹெமிங்வேயின் கதையைத் தொடக்கப் பகுதியில் முடித்துவிடுகிறது. பர்ட் லங்காஸ்டர் நடித்த குத்துச்சண்டை வீரன் கொல்லப்படுகிறான். பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர் ஒருவர் அவன் ஏன் தப்பியோடவில்லை என்று பலரிடம் வினவ, முற்காலக் காட்சிகளின் வழியே விடை திரட்டப்படுகிறது. டான் சீகல் 1964-இல் இயக்கிய படத்தில் கொன்றவர்களே அந்த வினாவைத் தொடர்கின்றனர். இரு படங்களும் கதை விட்ட இடைவெளியை நிரப்புகின்றன. முழுநீளப் படத்துக்கு நிகழ்ச்சிகள் தேவை. வினாவுக்கு விடையும் தேவை.

மாணவர் படம் அவ்விடைவெளியை அப்படியே விட்டுவைக்கிறது. ஓலே செய்த குற்றம் என்ன, கொலையாளிகளை அனுப்பியவர் யார், அவன் இறந்தானா என்பவற்றுக்கு விடையில்லை. ஹெமிங்வேயின் கதைக்கு இதுவே மிக நெருங்கிய வடிவம் எனத் துணிந்து கூறலாம். இந்நெருக்கத்துக்கு இளமை மேதைமையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் 19 நிமிடப் பயிற்சிப் படத்துக்கு முற்காலக் காட்சிகளும் கூடுதல் அரங்குகளும் கிட்டியிருக்கமாட்டா. சுருளும் இடமும் மூலக்கதையின் எல்லையைக் காத்தன. அந்த எல்லையைக் குறையெனக் கருதாமல் வடிவமாக ஏற்றுக்கொண்டது மாணவர்களின் தேர்வு. வாய்ப்பின்மை தானாகவே கலையாவதில்லை. விளக்கத்தைத் திணிக்க உரையாடல் ஒன்றே போதும். செலவின்றி அதைச் செய்திருக்கலாம். அவர்கள் செய்யவில்லை என்பதில்தான் திறனாய்வு மதிக்கவேண்டிய முடிவு உள்ளது.

'இன்று விடுப்பில்லை': பேசப்படாத நடுப்படம்

தார்க்கோவ்ஸ்கியும் கோர்தனும் இணைந்து இயக்கிய 'இன்று விடுப்பில்லை' ஏறத்தாழ 46 நிமிடம் ஓடுவது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நகரில் மண்ணுக்கடியில் கண்டெடுக்கப்படும் வெடிகுண்டுகளை இராணுவ வீரர்கள் அகற்றுவதே அதன் கதை. கல்வி நிறுவனமும் மத்தியத் தொலைக்காட்சியும் சேர்ந்து தயாரித்த இப்படம் கூர்ஸ்க் நகரில் படமாக்கப்பட்டது. முதற்படம் ஓர் அறைக்குள் அடங்கியது. இதற்கோ ஒரு நகரமே அரங்காயிற்று. முதற்படத்தின் பார்வையாளர் ஆசிரியரும் சக மாணவரும். இதன் பார்வையாளர் தொலைக்காட்சி பார்க்கும் பொதுமக்கள்.

தார்க்கோவ்ஸ்கி குறித்த ஆய்வுகளில் இப்படம் பெறும் இடம் மிகக் குறைவு. காரணம் வெளிப்படையானது. பிற்காலப் படங்களில் தென்படும் நீர், கண்ணாடி, கனவு முதலிய தடயங்கள் இதில் கிடைப்பதில்லை. இது விறுவிறுப்பும் வீரமும் கொண்ட, வகைமைக்கு உட்பட்ட படம். வித்தைத் தேடுவோர்க்கு இது வெறும் நிலம்.

ஆனால் மாணவர்கள் படத்தை உருவாக்கி முடிக்கும் முறையைத் தேடுவோர்க்கு இப்படம் முதற்படத்தைவிடவும் பயனுடையது. பெருந்திரளை ஒழுங்குபடுத்துதல், வெளிப்புறத்தில் படம்பிடித்தல், மற்றொரு நிறுவனத்தின் தேவைக்கு ஏற்ப உரிய காலத்தில் படத்தை ஒப்படைத்தல் ஆகியவற்றைப் பயில வகுப்பறை அரங்கு போதாது. திறனாய்வு புறக்கணித்த இந்த நடுப்படத்தில்தான் ஒரு மாணவர் தொழிலுக்குள் நுழையும் வாயில் உள்ளது. நடையின் வரலாற்றில் இடம்பெறாதது பயிற்சியின் வரலாற்றில் முதலிடம் பெறக்கூடும். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் இப்படம் காணாமற்போகிறது.

'உருளையும் வயலினும்': தேர்வைப் பற்றிய தேர்வுப்படம்

பட்டப்படிப்பின் நிறைவுப்படமான 'உருளையும் வயலினும்' தார்க்கோவ்ஸ்கி தனித்து இயக்கிய முதற்படம். 46 நிமிடம் ஓடும் இவ்வண்ணப்படம் மோஸ்ஃபிலிம் படப்பிடிப்பு நிலையத்தில் உருவானது. திரைக்கதையை அவரும் சக மாணவரான ஆந்திரேய் கொஞ்சலோவ்ஸ்கியும் எழுதினர். ஒளிப்பதிவு வதீம் யூசோவ். இசை வியாசெஸ்லாவ் ஒவ்சின்னிக்கோவ். 1961-இல் நியூயார்க்கில் நடைபெற்ற மாணவர் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது.

வயலின் பயிலும் சாஷா என்னும் சிறுவனுக்கும், சாலை உருளை இயந்திரத்தை ஓட்டும் செர்கேய் என்னும் தொழிலாளிக்கும் ஒரு நாள் பொழுதில் மலரும் நட்பே கதை. இப்படத்தில் கடைக் கண்ணாடிகளில் நகரம் சிதறித் தெரியும் காட்சியையும், மழைநீரையும், ஆப்பிளையும் பிற்காலப் படங்களின் முன்னறிவிப்புகளாகக் காட்டுவது ஆய்வு மரபு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது கவனிக்கத் தவறும் எளிய செய்தி ஒன்று உண்டு: ஒரு மாணவர் தம் தேர்வுக்காக எடுத்த இப்படம், ஒரு மாணவனின் பயிற்சியும் மதிப்பீடும் பற்றியது.

சாஷா இசைப்பள்ளியில் ஆசிரியை முன் வாசிக்கிறான். தாளக்கருவி சீராக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவன் இசையில் ஆழ்ந்து தன்னை மறக்கும்போதெல்லாம் தாளம் தவறுகிறது, ஆசிரியை நிறுத்துகிறார். அவனிடம் கற்பனை மிகுந்திருப்பதே குறையாகக் கணிக்கப்படுகிறது. பின்னர் ஒரு வளைவுக்கூடத்தின் நிழலில் செர்கேய்க்காக அவன் அதே வயலினை வாசிக்கிறான். அங்கே தாளக்கருவி இல்லை, மதிப்பெண் இல்லை, கேட்பவர் ஒருவர் மட்டும் இருக்கிறார். இரு வாசிப்புகளையும் எதிரெதிரே வைப்பதன் வழியாகப் படம் ஒரு வினாவை எழுப்புகிறது: கற்பவனின் ஆக்கம் யாருக்காக நிறைவடைகிறது?

ஆப்பிள் காட்சியும் இவ்வினாவையே வேறு வகையில் தொடர்கிறது. பாடத்துக்காகக் காத்திருக்கும் சிறுமிக்கு அருகில் சாஷா ஆப்பிளை வைத்துவிட்டு உள்ளே செல்கிறான். அவள் முதலில் அதைத் தள்ளிவைக்கிறாள், பின்னர் உண்கிறாள். அவன் வெளியே வரும்போது எஞ்சிய நடுத்தண்டே காணப்படுகிறது. வகுப்பறையில் அவன் தோற்ற அதே நேரத்தில் வெளியே அவன் தந்தது ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதை ஏற்ற கணத்தை அவன் பார்க்கவில்லை. தன் ஆக்கத்தைப் பிறர் பெற்றுக்கொள்ளும் கணத்தைப் படைப்பவர் காண இயலாமை, திரைப்படக் கலைஞருக்கு நன்கு பொருந்தும் நிலை.

படத்தின் முடிவும் இதனோடு இயைகிறது. 'சப்பாயெவ்' படம் பார்க்க இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு தாயின் மறுப்பால் கைகூடவில்லை. சிறுவன் சிவப்பு உருளையை நோக்கி ஓடுவது கனவில் மட்டும் நிகழ்கிறது. நிறைவேறாத நட்பை நிறைவேறாததாகவே விட்டுவிட்டு, கற்பனைக்கு ஒரு காட்சி தரும் முடிவு இது. கற்பனை மிகுதியென்று மதிப்பெண் குறைத்த ஆசிரியைக்கு நிறைவுப்படம் தரும் விடையாகவும் அதைக் கொள்ளலாம். எதிர்கால மேதையின் அடையாளங்களைத் தேடாமலே இப்படம் பொருளுடையதாகிறது. மாணவன் ஒருவன் தன் நிலையைப் பற்றி ஆக்கிய படமாக அது தன்னளவில் முழுமை பெற்றுள்ளது.

தொடர்ந்தது எது?

பிற்காலப் படைப்புகளை அறிந்த ஒருவர் அவ்வறிவை மறந்து முதற்படத்தைக் காண இயலாது என்பது இங்கு எழக்கூடிய தடை. அது ஏற்கத்தக்க தடையே. முதற்படங்களுக்கும் பிற்காலப் படங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று கூறுவதும் உண்மைக்கு மாறானது. 'உருளையும் வயலினும்' படத்தின் ஆப்பிள் 'இவானின் குழந்தைமை' (1962) படத்தின் கனவுக்காட்சியில் மழையில் நனைந்து திரளாகத் திரும்புகிறது. வினவவேண்டியது தொடர்ச்சி உண்டா என்பதையன்று. தொடர்ந்தது யாருடையது என்பதையே.

பெயர்ப்பட்டியல்கள் இதற்கு விடை கூறுகின்றன. யூசோவ் 'உருளையும் வயலினும்' தொடங்கி 'இவானின் குழந்தைமை', 'ஆந்திரேய் ருப்ளேவ்', 'சோலாரிஸ்' (1972) வரை தார்க்கோவ்ஸ்கியின் ஒளிப்பதிவாளராக இருந்தார். ஒவ்சின்னிக்கோவ் அவற்றுள் முதல் மூன்றுக்கும் இசையமைத்தார். கொஞ்சலோவ்ஸ்கி 'ஆந்திரேய் ருப்ளேவ்' திரைக்கதையின் இணையாசிரியர். எனவே மழையும் ஒளியும் நிழலும் ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றதற்குத் தனியொருவரின் அகவுலகம் மட்டும் காரணமென்று கொள்ள இயலாது; அதே கண்ணும் அதே செவியும் உடன்சென்றன. நிறைவுப்படம் விட்டுச்சென்ற மிகப்பெரிய செல்வம் இக்குழுவே.

'இவானின் குழந்தைமை' உருவான வரலாறு இதனை மேலும் உறுதிசெய்கிறது. அப்படம் முதலில் வேறொரு இயக்குநரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எடுக்கப்பட்ட பகுதிகள் ஏற்கப்படாமல் பணி நிறுத்தப்பட்டது. 1961-இல் அப்பணி தார்க்கோவ்ஸ்கியிடம் வந்தபோது செலவுத்தொகையின் ஒரு பகுதி முன்பே தீர்ந்திருந்தது. எஞ்சிய பணத்திலும் குறுகிய காலத்திலும் படத்தை முடிக்கவேண்டியிருந்தது. அப்படம் 1962-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருதைப் பகிர்ந்து பெற்றது. பிறர் கைவிட்ட ஒன்றைக் குறைந்த வாய்ப்புகளுடன் முடிக்கும் ஆற்றலை ஒருவர் பெற்றது எங்கே என்னும் வினாவுக்குப் படிமங்களின் பட்டியல் விடை தராது. மூவர் பகிர்ந்துகொண்ட 19 நிமிடங்களும், கூர்ஸ்க் நகரத் தெருக்களும், மோஸ்ஃபிலிமில் திரட்டிய குழுவும் விடை தருகின்றன.

இதன் மறுபக்கமும் குறிக்கப்படவேண்டும். பெய்க்கு, அல்வாரெஸ், ரீபின் ஆகியோர் தார்க்கோவ்ஸ்கியின் பிற்காலப் படங்களில் இடம்பெறவில்லை. தொடர்ந்து வராதவர்களை வித்துத் தேடும் வாசிப்பால் காணமுடியாது. ஏனெனில் அதன் கணக்கில் எதிர்காலம் உடையவை மட்டுமே சேரும். 'கொலையாளிகள்' படத்தில் காட்சிதோறும் ஒளியை அமைத்தவர்களின் தேர்வுகள் வேறொருவரின் வரலாற்றுக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, மாணவர் படத்தின் வடிவம் அது உருவான நிலைமைகளிலிருந்து பிரித்தறியத்தக்கதன்று. ஆயினும் அந்நிலைமைகளே அதனை முழுதும் விளக்கிவிடுவதுமில்லை. பற்றாக்குறையை எவ்வாறு ஏற்றனர் என்பதில் படைப்பாளர்களின் முடிவு வெளிப்படுகிறது. இரண்டாவது, மாணவர் படத்தின் பொருள் பெரும்பாலும் பலருடைய பங்களிப்புகள் இணையும் இடத்தில் பிறக்கிறது. 'கொலையாளிகள்' படத்தின் மையக்காட்சி அதற்குச் சான்று. மூன்றாவது, முதற்படத்திலிருந்து தொடர்வது நடையென்று மட்டும் கொள்வது போதாது. பணியுறவுகளும் முடிக்கும் ஆற்றலும் நடைக்கு நிகராகத் தொடர்கின்றன.

இம்முடிபுகள் தார்க்கோவ்ஸ்கி ஆய்வுக்கு மட்டும் உரியவையல்ல. தமிழகக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளில் குறும்பட ஆக்கம் பாடத்திட்டத்தின் பகுதியாக உள்ளது. அங்கே மதிப்பிட அமர்பவர் முன் இருப்பதும் பலர் கூடி முடித்த ஒரு படமே. அதனை இயக்கியவர் நாளை என்னவாவார் என்னும் ஊகம் மதிப்பீட்டுக்கு அளவுகோல் ஆகாது. எவ்வளவு சுருங்கிய வாய்ப்புகளில் எத்தகைய முடிவுகள் எடுக்கப்பட்டன, ஒளியையும் ஒலியையும் தொகுப்பையும் யார் தந்தனர், படம் எங்கே ஏன் நிறுத்தப்பட்டது என்பவையே கேட்கத்தக்க வினாக்கள். பெரும்பாலான மாணவர் படங்களுக்குப் பின்னால் புகழ்பெற்ற எதிர்காலம் எதுவும் இராது. அவற்றுக்கும் உரிய நியாயத்தை வழங்கும் திறனாய்வுமுறையே புகழ்பெற்றோரின் முதற்படங்களையும் சரியாக வாசிக்கும் தகுதி உடையதாகும்.